நொண்டுவதற்கு முன்பே தெரியும்: வீட்டு நாயின் மூட்டுத் தேய்மானம்

நாய் காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்த பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் அதன் மூட்டைப் பற்றிய பேச்சே வருகிறது. ஆனால் நொண்டல் ரொம்பத் தாமதமாக வரும் அறிகுறி. அதற்குப் பல மாதங்கள், சில நாய்களில் பல வருடங்கள் முன்பே மூட்டு தேயத் தொடங்கியிருக்கும். அதற்கான அடையாளங்களும் வீட்டுக்குள்ளேயே தெரிந்திருக்கும். "வயசாயிருச்சுங்க, அதான் படுத்தே கெடக்குது" என்று சொல்லி நாம்தான் கடந்து போய்விடுகிறோம்.

காலையில் நாய் எழுந்திருப்பதை ஒரு நாள் நின்று பாருங்கள். மூட்டு நன்றாக இருக்கும் நாய் முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, ஒரே வீச்சில் எழுந்துவிடும். இடுப்பு மூட்டு தேய்ந்த நாய் முதலில் முன்கால் இரண்டையும் ஊன்றும். நெஞ்சைத் தூக்கும். கழுத்தைத் தாழ்த்தி உடம்பின் பாரத்தையெல்லாம் முன்பக்கம் தள்ளும். அப்புறம்தான் பின்பக்கத்தை இழுத்து நிறுத்தும். டைல்ஸ் தரையாக இருந்தால் பின்கால் நகங்கள் சரக் சரக்கென்று இரண்டு மூன்று முறை வழுக்கும். எழுந்த பிறகு முதல் பத்துப் பதினைந்து அடி விறைப்பாக நடந்து, வாசல் தாண்டியதும் சரியாகிவிடும். சரியாகிவிட்டதே என்று நாம் விட்டுவிடுகிறோம். ஓய்வுக்குப் பின் விறைத்து, நடக்க நடக்க இளகுவதுதான் தேய்மானத்தின் முதல் அடையாளம்.

வேறு சிலவும் உண்டு. தினமும் தாவி ஏறிய காரின் கதவுக்கு முன் நின்று யோசிக்கும். உட்காரும்போது ஒரு பின்காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும். ஓடும்போது பின்கால் இரண்டையும் சேர்த்துவைத்துத் துள்ளும். ஒரே மூட்டை நக்கி நக்கி அந்த இடத்து முடி பழுப்பேறிவிடும். குழந்தை இடுப்பில் கை வைத்தால் திடீரென்று உறுமும். இத்தனை வருடம் உறுமாத நாய் உறுமினால் அதைக் குணம் கெட்டதாக நினைக்காமல் வலியாக இருக்குமோ என்று பார்ப்பது நல்லது. வலித்தால் கத்தாதா என்று கேட்பார்கள். முள் குத்தினால் கத்தும். நாள்பட்ட வலியைப் பெரும்பாலான நாய்கள் சத்தமில்லாமல் பொறுத்துக்கொள்ளும்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது

ஆட்டுக்கால் வாங்கிச் சமைப்பவர்களுக்குக் குருத்தெலும்பைக் காட்டித்தர வேண்டியதில்லை. மூட்டைப் பிரித்தால் எலும்பு நுனியில் லேசான நீலம் கலந்த வெண்மையில் வழவழவென்று ஒரு பூச்சு இருக்குமே, அதுதான். நாயின் மூட்டிலும் அதே பொருள். அதில் பெரும்பகுதி தண்ணீர். மிச்சம் கொலாஜன் என்ற நார்வலையும், அந்த வலைக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் புரோட்டியோகிளைக்கான் என்ற பெரிய மூலக்கூறுகளும். எலும்பும் எலும்பும் நேரடியாக உரசாமல், குதிக்கும்போது அதிர்ச்சி ஏறாமல் காப்பது இதன் வேலை.

குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. மூட்டைச் சுற்றியிருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். தண்ணீருக்குள் கிடக்கும் பஞ்சை அழுத்தி விட்டால் பழைய நீர் வெளியேறிப் புதிய நீர் ஏறுவதுபோல, நடக்கும்போது குருத்தெலும்பு அமுங்கி விரிந்து அந்தத் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதனால்தான் மூட்டுவலி நாயை நாள் முழுக்கக் கட்டிப்போடுவது கெடுதல். அசைவு இல்லாத மூட்டு பட்டினி கிடக்கும். ரத்த ஓட்டம் இல்லாததால் இன்னொரு சிக்கல்: தோல் கிழிந்தால் ஆறுவதுபோல் குருத்தெலும்பு கிழிந்தால் ஆறாது.

தேய்மானம் தொடங்கும்போது முதலில் அந்த வழவழப்பான மேற்பரப்பு நார் நாராகப் பிரிகிறது. உதிரும் துணுக்குகள் மூட்டின் உள்ளுறையை எரிச்சலூட்ட, அது வீங்குகிறது. வீங்கிய உறை சில நொதிகளைச் சுரக்கிறது. அவை மிச்சமிருக்கும் குருத்தெலும்பையும் அரிக்கின்றன. மூட்டுத் திரவம் நீர்த்துப்போகிறது. அடியிலிருக்கும் எலும்பு தடித்து, ஓரங்களில் முள்முள்ளாகப் புதிய எலும்பு வளர்கிறது. ஒன்று இன்னொன்றைக் கெடுத்துக்கொண்டே போகும் சுழல் இது. வலி வருவது நரம்பே இல்லாத குருத்தெலும்பிலிருந்து அல்ல, உறையிலிருந்தும் எலும்பிலிருந்தும். ஆகவே வலி தெரியும்போது சேதம் ஏற்கெனவே ஆழமாகப் போயிருக்கும்.

போன குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் மாத்திரையோ பொடியோ எண்ணெயோ இன்றுவரை இல்லை. இதை ஏற்றுக்கொண்டால் செலவும் அலைச்சலும் பாதி குறையும். நம்மால் முடிந்தது வலியைக் குறைப்பது, தசையைக் காப்பது, தேயும் வேகத்தைத் தணிப்பது. சரியாகச் செய்தால் இந்த மூன்றுமே ஒரு நாய்க்கு நல்ல சில வருடங்களைக் கொடுக்கும்.

நாய்க்கு இது ஏன் வருகிறது

நமக்கு மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருகிறது. நாய்க்குப் பெரும்பாலும் அடியில் வேறொரு கோளாறு இருந்து, அதன் விளைவாகத் தேய்மானம் வருகிறது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர், கோல்டன் ரெட்ரீவர் என்று சேலத்தில் தெருவுக்குத் தெரு வளர்க்கும் பெரிய இனங்களில் முக்கியமானது இடுப்பு மூட்டு வளர்ச்சிக் கோளாறு. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியில் கச்சிதமாக உட்காராமல் தளர்வாக இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஆடும். ஒரு வயதுகூட ஆகாத குட்டியிலேயே இது வெளிப்படலாம். முழங்கை மூட்டிலும் இதுபோன்ற கோளாறு உண்டு. நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்கால்களில்தான் விழுகிறது என்பதால் முழங்கை கெட்டால் அவதி அதிகம்.

வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிகளுக்குத் தோள்பட்டையில் குருத்தெலும்பின் ஒரு துண்டு எலும்பிலிருந்து பிரிந்து தொங்குவதும் உண்டு. அந்தத் துண்டை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டால் பல குட்டிகள் நன்றாகவே தேறுகின்றன. பொமரேனியன், பக் போன்ற சின்ன நாய்களில் முழங்கால் சில்லு இடம் நழுவும்: ஓடிக்கொண்டே இருக்கும்போது ஒரு பின்காலை நாலு எட்டு தூக்கிக்கொண்டு போய், ஒரு உதறு உதறி, மறுபடி ஊன்றி ஓடும். 'ஸ்டைலா ஓடுது' என்று போனில் படம் பிடித்து மகிழ்பவர்கள் உண்டு. எடை கூடிய நடுவயது நாய்களிலோ முழங்கால் ஜவ்வு அறுந்து, ஒரே நாளில் பின்காலைத் தூக்கிக்கொள்ளும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம்மூர் வேட்டை நாய்களின் ஒல்லியான உடல்வாகு இந்த விஷயத்தில் அவற்றுக்குச் சாதகம். நாட்டு நாயும் அப்படித்தான். குளிர் தேசத்து இனத்தை வாங்கி மே மாதச் சேலத்தில் வளர்க்கத் தயாராக இருப்பவர்கள் இதையும் ஒருமுறை யோசிக்கலாம். அப்படியும் லேப்தான் வேண்டுமென்றால், குட்டி விற்பவரிடம் தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேவைக் கேளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. பரம்பரைச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்பதால் இடுப்பு மூட்டு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

குட்டி வீட்டுக்கு வந்த வாரமே கால்சியம் டானிக்கும் வந்துவிடுகிறது. "அண்ணே, காது நிமிரணும்னா கால்சியம் குடுக்கணுமாமே?" என்று ஷெப்பர்டு வாங்கிய தம்பிகள் கேட்காத மாதமில்லை. காது நிமிர்வது வயதையும் பரம்பரையையும் பொறுத்தது. பெரிய இனக் குட்டிகளுக்குத் தேவைக்கு மேல் கால்சியம் கொடுத்தால் எலும்பும் குருத்தெலும்பும் கோணலாக வளரும். சின்ன வயதில் உடம்புக்குள் போகும் கால்சியத்தை வேண்டிய அளவுக்கு மட்டுப்படுத்தும் திறன் குட்டிக்கு இல்லை. பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் தீவனம் கொடுக்கிறீர்கள் என்றால் அதற்கு மேல் டானிக் வேண்டாம். வெறும் பால் சோறு, வெறும் கோழிக்கறி என்று வளரும் குட்டியின் கதை வேறு. அதற்குக் கால்சியம் பற்றாக்குறையே வரலாம், அதை டாக்டரிடம் காட்டி அளவோடு சரிசெய்ய வேண்டும்.

படிக்கட்டும் முக்கியம். நார்வேயில் பெரிய இனக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் வெளியான ஆய்வில், பிறந்து மூன்று மாதத்துக்குள் தினமும் படியேறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் வந்தது. மேடு பள்ளமான மென்மையான மண்ணில் இஷ்டப்படி ஓடிய குட்டிகளுக்குக் குறைவாக வந்தது. மாடி வீட்டுக் குட்டியைக் கையில் தூக்கி இறக்கி, தோட்டத்து மண்ணில் விடுங்கள். இன்னொன்று, லேப், கோல்டன் போன்ற இனங்களில் ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடுவதாகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்த மாதத்தில் செய்வது என்று டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம்.

எல்லா நொண்டலும் தேய்மானம் அல்ல

நம் பக்கத்தில் நொண்டல் என்றதும் முதலில் நினைக்க வேண்டியது உண்ணி. ஏற்காடு எஸ்டேட்களில் செடிகளுக்குள் சுற்றும் நாய்க்கும் சரி, அஸ்தம்பட்டியில் சுவரோரம் படுத்திருக்கும் நாய்க்கும் சரி, உண்ணி மூலம் எர்லிக்கியா போன்ற கிருமிகள் ஏறும். காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுப்பு, சில நேரம் மூக்கில் ரத்தம். இவற்றோடு மூட்டுகள் வீங்கி, இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். குணமாகக்கூடியதை மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து வலி மாத்திரை கொடுத்து இழுத்தடிப்பது பெரிய தப்பு.

டாஷ்ஹண்டு நாய் திடீரென்று பின்கால்களை இழுத்தால் கோளாறு முதுகுத்தண்டு வட்டில் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரிய இன நாயின் கால் எலும்பில் கடினமான வீக்கம், நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் எலும்புப் புற்றுநோயா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாக வேண்டும். இதெல்லாவற்றுக்கும் முன்னால் பாதத்தைத் திருப்பி விரலிடுக்கைப் பார்த்துவிடுங்கள். முள்ளோ கண்ணாடிச் சில்லோ இருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போனில் வீடியோ எடுத்துப் போங்கள். மேஜைமேல் ஏற்றிய பயத்தில் வலியே இல்லாததுபோல் நிமிர்ந்து நிற்கும் நாய்கள் நிறைய. எழுந்திருக்கும்போது ஒன்று, நேராக நம்மை நோக்கி நடந்து வரும்போது ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மூன்று சின்னத் துண்டுகள் போதும். டாக்டர் ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டிப் பார்ப்பார், தொடைத் தசை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று தடவுவார். இடுப்பு எக்ஸ்ரே சரியாக வரப் பெரும்பாலும் மயக்க ஊசி தேவைப்படும், பயப்பட வேண்டாம். எக்ஸ்ரேவில் மோசமாகத் தெரியும் மூட்டோடு நன்றாக ஓடும் நாயும் உண்டு. லேசான மாற்றம் மட்டுமே தெரிந்து வலியில் தவிக்கும் நாயும் உண்டு. சிகிச்சை படத்துக்கு அல்ல, நாய்க்கு. சிக்கலான நிலை என்றால் 1985-ல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி சேலத்திலிருந்து எட்டும் தூரம்தான். 'மாட்டாஸ்பத்திரி' என்று நினைத்து ஒதுக்க வேண்டியதில்லை.

தட்டில் குறையும் பிடி

மூட்டுத் தேய்மானத்துக்கு எது நல்ல மருந்து என்று என்னிடம் கேட்டால் எடைக்குறைப்பு என்றுதான் சொல்வேன். இதைச் சொன்னால் கேட்பவர் முகம் வாடிவிடும். ஊசி பெயரோ டப்பா பெயரோ எதிர்பார்த்திருப்பார்.

அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒரே தாய்க்குப் பிறந்தவற்றில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். முடிவு 2002-ல் வந்தது. குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்ட வயதும் சுமார் மூன்று வருடம் தள்ளிப்போனது. இவ்வளவு வித்தியாசத்தைக் காட்டிய மூட்டு மாத்திரை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஏற்கெனவே குண்டாகி நொண்டும் நாய்க்கும் பயன் உண்டு: உடல் எடையில் சுமார் 6 சதவீதம் குறைந்ததுமே நொண்டல் குறைவதை இன்னொரு ஆய்வு கண்டது. 35 கிலோ லேப் என்றால் வெறும் இரண்டு கிலோ. கொழுப்பு சும்மா தொங்கும் சுமை மட்டுமல்ல. அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கும் திசுவும்கூட.

உங்கள் நாய் குண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளத் தராசு தேவையில்லை. கையை முஷ்டியாக மடக்கி, புறங்கையின் கணுக்களை மற்றக் கையால் தடவுங்கள்: விலா எலும்பு அப்படித் துருத்தித் தெரிந்தால் நாய் மெலிவு. முஷ்டியைப் பிரித்துக் கையை நேராக நீட்டி, புறங்கையின் விரலெலும்புகளைத் தடவுங்கள்: விலா அப்படித் தட்டுப்பட்டால் அளவான உடம்பு. உள்ளங்கையைத் திருப்பி விரலடி மேட்டைத் தடவினால் எலும்பு எங்கே என்று அழுத்தித் தேட வேண்டியிருக்குமே, விலாவும் அப்படி இருந்தால் அதிக எடை. மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். சேலத்தில் நான் பார்க்கும் வீட்டு லேப்களில் பாதிக்கு மேல் நீள்சதுர மேஜை வடிவத்தில் இருக்கின்றன. "நல்லா புஷ்டியா இருக்குல்ல?" என்று பெருமையாகக் கேட்பார்கள். என்ன சொல்ல.

கணக்கு வழக்கில்லாமல் உள்ளே போவது பெரும்பாலும் தட்டில் வைக்கும் சோறு அல்ல. காலையில் தாத்தா டீயோடு தரும் ரஸ்க், அம்மா தோசை சுடும்போது போடும் ஓரம், பள்ளி விட்டு வந்த பிள்ளையின் பிஸ்கெட், ராத்திரி மிச்சப் பால். சாயங்காலம் வாங்கி வந்த தட்டுவடை செட்டில் ஒன்றைத் தூக்கிப் போடுவது வேறு. அதிலிருக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களுக்கே ஆகாது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, யார் யார் என்னென்ன தருகிறோம் என்று ஒரு நாள் மட்டும் எழுதிப் பாருங்கள். சண்டை வரும், ஆனால் விடை கிடைத்துவிடும். சாப்பாட்டை ஆழாக்கில் அளந்து இரண்டு வேளையாகக் கொடுங்கள். கேட்டுக்கொண்டே நிற்கும் நாய்க்கு வெள்ளரித் துண்டு, வேகவைத்த பீன்ஸ், கேரட் போதும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் ஆயிற்று. தூக்க முடியாத அளவு கனம் என்றால் ஆஸ்பத்திரித் தராசில் பார்க்கலாம்.

தரை, நடை, குளிர்

பளபளவென்ற விட்ரிஃபைடு டைல்ஸ் மூட்டுவலி நாய்க்குத் தினசரித் தண்டனை. வழுக்காமல் நிற்பதற்காகவே தசையெல்லாம் இறுக்கிக்கொண்டு நடக்கும். படுக்கை, தண்ணீர்ப் பாத்திரம், வாசல் மூன்றையும் இணைக்கிற வழியில் மட்டும் விரிப்புப் போட்டால் போதும். கயிற்றுப் பாய், ரப்பர் மேட், அடியில் வழுக்காத வலை வைத்த பழைய பவானி ஜமுக்காளம், எது கிடைத்தாலும் சரி. நகத்தை ஒட்ட வெட்டி, பாதத்து முடியையும் கத்தரித்துவிட்டால் பிடிப்பு கூடும். வெறும் தரையில் படுக்கவிடாமல் கனமான மெத்தை போடுங்கள். வெயில் காலத்தில் அதை விட்டுவிட்டுக் குளிர்ந்த தரைக்கே போகும், அதைத் தடுக்கவும் முடியாது, விடுங்கள்.

நடை தினமும் வேண்டும், குறைவாக வேண்டும். ஆறு நாள் படுக்கவைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூக்கனேரிக் கரையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் திங்கட்கிழமை எழுந்திருக்காது. பதினைந்து இருபது நிமிடமாகத் தினம் இரண்டு தடவை, கயிற்றில் பிடித்து, ஒரே சீரான வேகத்தில். பந்து எறிவதை நிறுத்திவிடலாம். பாய்ந்து ஓடிச் சட்டென்று நின்று திரும்பும் அந்த ஒரு கணம்தான் மூட்டை முறுக்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்துத் தார்ச்சாலை காலை எட்டு மணிக்கே சுடும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. நீச்சல் மூட்டுக்கு அருமையான பயிற்சி, ஆனால் ஏரித் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். சுத்தமான நீர் கிடைத்தால் மட்டும் இறக்குங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்குக் கவலை வேறு. 1,500 மீட்டர் உயரத்தில், டிசம்பர் பனியில் ஈரத்தரையில் படுக்கும் எஸ்டேட் நாய் காலையில் இறுகிப்போய்தான் எழும். தரையிலிருந்து சற்று உயர்த்திய பலகைமேல் சாக்கோ கம்பளியோ போட்டு, காற்று வராத மூலையில் இடம் கொடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். சரிவில் இறங்கும்போது பாரம் முழுவதும் முன்கால்களுக்குப் போவதால் முழங்கை கெட்ட நாயைச் சமதளத்தில் நடத்துங்கள். சேலத்திலிருந்து கூட்டிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: 20 கொண்டை ஊசி வளைவிலும் நாயைப் பின்சீட்டில் நிற்கவைத்தே ஏற்றினால், ஒவ்வொரு திருப்பத்திலும் காலை ஊன்றி ஊன்றி, மலை ஏறுவதற்குள் களைத்துவிடும். இரண்டு சீட்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைத் தலையணையால் நிரப்பி, கழுத்தில் அல்லாமல் நெஞ்சுப்பட்டையில் பெல்ட்டை மாட்டிப் படுக்கவையுங்கள். நடுவில் ஒருமுறை நிறுத்தி இறக்கி நடத்துங்கள்.

மருந்து

வலி இருக்கும் நாய்க்கு மருந்து கொடுக்காமல் 'இயற்கையாக' சரிசெய்கிறேன் என்பது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். வலித்தால் நடக்காது, நடக்காவிட்டால் தசை கரையும், தசை கரைந்தால் மூட்டுக்குப் பாரம் கூடும். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப் போன்ற அழற்சி குறைக்கும் மருந்துகள்தான் நாய்களுக்கு முதல் வரிசை. தொடங்கும் முன் சிறுநீரகம், கல்லீரல் ரத்தப் பரிசோதனை; தொடர்ந்து கொடுத்தால் அவ்வப்போது மறுபரிசோதனை. சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வாந்தி, சாப்பிட மறுப்பது, தார் மாதிரிக் கறுத்த மலம், இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். இந்த வகை மருந்தோடு ஸ்டீராய்டு ஊசி சேரக் கூடாது. குடலில் புண் விழும். ஆகவே இரண்டாவது டாக்டரிடம் போனால் முதல் டாக்டர் கொடுத்த சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

வீட்டிலிருக்கும் நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாரசிட்டமாலும் ஆபத்துதான். நாய்க்கு எழுதித் தரும் அதே மெலாக்சிகாமில்கூட அளவு வேறு: 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் போதும் என்னும்போது மனிதர்களுக்கான மாத்திரை 7.5, 15 மில்லிகிராமில் வருகிறது. டைக்ளோஃபெனாக் கொடுத்த மாடுகளின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியா 2006-லேயே தடைசெய்தது. மருந்துக்கடைக்காரர் 'நாய்க்கும் இதான் சார்' என்றாலும் வாங்காதீர்கள்.

தைலம் தேய்ப்பதும் வேண்டாம். ஏற்காட்டுக் கடைகளில் வாங்கிய நீலகிரித் தைலமும், நம் முட்டிக்குப் போடும் கற்பூர வாசனை வலிநிவாரணிகளும் நாய்க்கு நஞ்சு; தடவிய இடத்தை அது நக்காமல் விடாது. சூடுதான் வேண்டுமென்றால் வெந்நீரில் பிழிந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்துச் சூடு பொறுக்கும் அளவில் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். விறைப்புக்கு அது நல்ல சுகம்.

குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் டப்பாக்கள் மூட்டு என்றாலே முதலில் விற்பவை. கெடுதல் பெரிதாக இல்லை, பயனும் பெரிதாக இல்லை. 2022-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு இவற்றுக்குப் பலன் தெரியவில்லை என்றும், மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா 3-க்குப் பலன் தெரிகிறது என்றும் முடிவுக்கு வந்தது. அந்தக் காசுக்கு ரப்பர் மேட் வாங்கலாம் என்பது என் கட்சி. மீன் எண்ணெய் கொடுத்தால் அது மீன் ஈரல் எண்ணெயாக இருக்கக் கூடாது; ஏ, டி வைட்டமின்கள் அளவு மீறிவிடும். வலி மாத்திரை மட்டும் போதாத நாய்களுக்கு கேபாபென்டின், அமான்டடின் போன்றவற்றை டாக்டர் சேர்ப்பார். மனிதர்களுக்கான சில திரவ மருந்துகளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். நாய்க்கு அது உயிருக்கே ஆபத்து. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அறுவை சிகிச்சை எல்லா நாய்க்கும் இல்லை. தாங்கமுடியாத இடுப்பு வலிக்குத் தொடை எலும்பின் தலையை எடுத்துவிடுவது சின்ன, ஒல்லியான நாய்களில் நன்றாகக் கைகொடுக்கிறது. கனமான நாய்களில் அவ்வளவு நிச்சயமில்லை. செயற்கை மூட்டு வைப்பது செலவும் வசதியும் கேட்கும் வேலை. முழங்கால் ஜவ்வு அறுந்த பெரிய நாய்க்கு எலும்பை வெட்டித் திருப்பித் தகடு வைத்தால் மூட்டு நிலைப்படும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் ஓடவோ தாவவோ விடாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கணக்குப் பண்ணிவிட்டுச் சம்மதியுங்கள். ஒரு காலில் ஜவ்வு போன நாய்க்கு மறுகாலிலும் போவதற்குக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அதனால் தட்டில் குறைக்கும் வேலையைத் தையல் பிரியும்வரை தள்ளிப்போடாமல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே ஆரம்பித்துவிடுங்கள்.